கிட் கிளீன் அழித்ததும் நான் மீட்ட பாதியும்

கிட் என்பது நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். கிட் கிளீன் என்பது அதன் கண்காணிப்பில் இல்லாத கோப்புகளை அழிக்கும் கமாண்ட். அது அழிக்கும் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. பதிந்த மாற்றங்களான கமிட் வரலாற்றிலும் இருக்காது, கிட்டின் நகர்வுப் பதிவான ரீஃப்ளாகிலும் இருக்காது. அது கிட்டின் கண்காணிப்பில் இல்லாத கோப்பு என்பதால்தான் அந்தக் கமாண்ட் அதைத் தொடுகிறது. இந்த விஷயம் மேலோட்டமாக எனக்குத் தெரியும். ஆனால் போன பிறகு எங்கெல்லாம் தேடலாம், எந்த டெர்மினலை மூடக் கூடாது, முதலில் எதை நிறுத்த வேண்டும் என்று சொல்ல அன்றைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு மாதத்துக்கு நெருக்கமான கை வேலை போனது. அதில் ஏறக்குறைய பாதியைத்தான் மீட்க முடிந்தது. இன்னொருவர் அதே இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் போனது என்ன என்று புரியும். பழைய தமிழ் அச்சு நூல்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுக்கிறேன். டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளுக்குப் பழைய அச்சைப் பழக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு வரியின் படமும், அந்த வரியின் பிழையில்லாத எழுத்தும் ஜோடியாக வேண்டும். படத்தை இயந்திரம் வெட்டிக் கொடுத்துவிடும். எழுத்தை மனிதர்தான் பார்த்துத் தட்ட வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா எல்லாம் காலைத் தனியாகப் போடாமல் எழுத்தோடு சேர்த்துச் சுழித்தவை. லை, ளை, ணை, னை நான்கும் தும்பிக்கை வைத்தவை. இன்னும் பழைய அச்சில் துணைக்கால் எது, ரகரம் எது என்று உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வரியை வாசித்து, பொருளைப் பிடித்து, அப்புறம்தான் தட்ட முடியும். சில வரிகளுக்கு அகராதியைப் புரட்டி, ஒரு சொல்லுக்குக் கால்மணி நேரம் உட்கார்ந்தது உண்டு. அப்படித் தட்டிய ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உரைக் கோப்புகள்தான் போனவை.

அவை இருந்த இடம் ரெப்போவுக்குள்ளேயே (கிட் கவனிக்கும் வேலை ஃபோல்டர்) ‘டேட்டா’ என்ற ஃபோல்டர். படங்கள் கனமானவை என்பதால் எதைக் கண்காணிக்க வேண்டாம் என்று கிட்டுக்குச் சொல்லும் நிறுவனத்தின் கிட்இக்னோர் கோப்பிலேயே அந்த ஃபோல்டர் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு தவணை முடிந்ததும் மொத்தமாகச் சுருக்கி அவர்களுக்கு அனுப்ப வேண்டும், தவணைப் பணம் வரும். இதுதான் ஏற்பாடு. முந்தைய தவணைகள் பத்திரமாக அவர்களிடம் இருந்தன. நடப்புத் தவணை முழுக்க என் மடிக்கணினியில் மட்டும்.

அன்று காலை வழக்கம்போல, நிறுவனத்தின் புதிய மாற்றங்களை இறக்க கிட் புல் கொடுத்தேன். பில்டு (நிரலை ஓடும் வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை) உடைந்தது. எங்கள் வழிகாட்டிக் குறிப்பில் முதல் நாளிலிருந்தே ஒரு வரி உண்டு: பில்டு உடைந்தால் ‘மேக் ஃப்ரெஷ்’ ஓட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். அதைப் பல தடவை ஓட்டியிருக்கிறேன். பில்டு ஃபோல்டரை மட்டும் அழிக்கும், சில நொடிகளில் முடியும். அன்றும் ஓட்டினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அழித்த கோப்பின் பெயர் ஒன்றும் திரையில் வரவில்லை. பில்டு ஓடியது, சரியாகவே முடிந்தது. பிரவுசரில் திறந்து வைத்திருந்த திருத்தும் கருவிக்குப் போய் அடுத்த வரிப் படத்தைக் கேட்டபோது வெறும் சாம்பல் கட்டம் வந்தது. ஃபோல்டரைப் பார்த்தேன். டேட்டா என்ற பெயரே இல்லை. சாவிகளும் அமைப்புகளும் இருக்கும் டாட் என்வி கோப்பு இல்லை. ரெப்போவுக்குள் தனியாகக் குளோன் செய்து வைத்திருந்த திருத்தும் கருவியின் மூலநிரல், அதில் நான் இன்னும் புஷ் செய்யாமல் (சர்வருக்கு அனுப்பாமல்) வைத்திருந்த கிளை, எதுவும் இல்லை. வயிற்றில் சில்லென்று ஒன்று இறங்கியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி அதே ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன்.

மேக் கமாண்ட் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் மேக்ஃபைலைத் திறந்ததும் விஷயம் தெரிந்தது. முந்தைய நாள் மாலை மேக் ஃப்ரெஷ் என்ற இலக்கை மாற்றியிருந்தார்கள். பில்டு ஃபோல்டரை அழிக்கும் வரி இருந்த இடத்தில் கிட் கிளீன், அதன் பின்னால் இரண்டு எஃப், ஒரு டி, ஒரு சின்ன எக்ஸ், கடைசியில் ஒரு க்யூ. மாற்றியவருக்குப் போன் செய்தேன். “அண்ணா, மேக் ஃப்ரெஷ்ல என்ன மாத்தினீங்க?” “சர்வர்ல பழைய பில்டு ஒட்டிக்கிட்டே இருந்துச்சுப்பா, அதான் கிளீன் போட்டேன். ஏன், உங்க டேட்டா ரெப்போக்குள்ளயேவா இருக்கு?” அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அவர் எங்கிருந்து அந்த வரியை எடுத்தார் என்பது பின்னால் புரிந்தது. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. சர்வரில் பில்டைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸின் செக்அவுட், ஏற்கெனவே குளோன் இருக்கும் இடத்தில் வேலையைத் தொடங்குமுன் இதே இரண்டு எஃப், டி, சின்ன எக்ஸோடு கிட் கிளீன் ஓட்டுவதுதான் இயல்பு அமைப்பு. கிட்லேப் ரன்னருக்கும் அதே இயல்பு அமைப்புதான். அங்கே அது முற்றிலும் சரி. பில்டு சர்வரில் எவரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை, அங்கே கிட்டுக்குத் தெரியாத கோப்பு என்றால் போன ஓட்டத்தின் மிச்சம்தான். அந்த வரி அப்படியே மனிதர் உட்கார்ந்து வேலை செய்யும் கணினிக்கு வரும்போதுதான் ஆபத்து. உங்கள் ரெப்போவின் மேக்ஃபைல், ஷெல் ஸ்கிரிப்ட், பேக்கேஜ் ஜேசன் எல்லாவற்றிலும் இன்றே ஒருமுறை ‘கிளீன்’ என்று தேடிப் பாருங்கள். புல் செய்யும்போது நிரல் மாறுவதைப் பார்க்கிறோம், ஸ்கிரிப்ட் மாறுவதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இப்போது அந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் என்ன செய்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிட் கிளீன் என்று மட்டும் தட்டினால் கிட் மறுத்துவிடும். எஃப் கொடுத்தால்தான் அழிக்கும். அதுவும் நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து கீழே மட்டும். டி கொடுக்காவிட்டால் கண்காணிக்கப்படாத ஃபோல்டர்களுக்குள் இறங்காது. இதுவரை இக்னோர் பட்டியலில் இருப்பவை பத்திரம். சின்ன எக்ஸ் சேர்ந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும், இக்னோர் பட்டியலையே பார்க்காமல் எல்லாவற்றையும் அழிக்கும். பெரிய எக்ஸ் இன்னொரு வகை: இக்னோர் செய்தவற்றை மட்டும் அழிக்கும், நீங்கள் புதிதாக எழுதி இன்னும் ஆட் செய்யாத (கிட்டிடம் சேர்க்காத) கோப்புகளை விட்டுவைக்கும். கேட்க மென்மையாக இருக்கும், ஆனால் டாட் என்வியும் டேட்டாவும் போவது இதிலும்தான். இரண்டாவது எஃப் ஏன் என்றால், உள்ளே இன்னொரு கிட் ரெப்போ இருந்தால் ஒரு எஃப்புக்கு கிட் அதைத் தாண்டிப் போய்விடும், இரண்டு கொடுத்தால் அதையும் அதன் வரலாற்றோடு சேர்த்துத் துடைக்கும். என் திருத்தும் கருவி போனது இந்த இரண்டாவது எஃப்பால். க்யூ என்பது வாயை மூடிக்கொண்டு செய் என்பது. அது இல்லாமல் இருந்திருந்தால் முதல் சில பெயர்கள் திரையில் ஓடும்போதே கண்ட்ரோல் சி அடித்திருப்பேன். ஸ்கிரிப்டில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த க்யூதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கோப்பை இழந்தவர்கள் இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் வரிசை முக்கியம். முதல் வேலை, எதையும் மூடாதீர்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். லினக்ஸில் ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அந்தக் கோப்பின் பெயர் அழிந்தாலும் உள்ளடக்கம் அந்த நிரல் மூடும் வரை வட்டில் இருக்கும். என் திருத்தும் கருவி இன்னொரு டெர்மினலில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பைத் திறந்து வைத்திருந்தது. ஓடும் நிரல்களின் விவரம் இருக்கும் ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த நிரலின் எண்ணுக்குப் போய், அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எஃப்டி என்ற ஃபோல்டரைப் பட்டியலிட்டேன். ஒரு வரியின் கடைசியில், அடைப்புக்குள், ‘டெலீட்டட்’ என்று இருந்தது. அந்த எண்ணை அப்படியே சிபி கமாண்டால் வேறு இடத்துக்குக் காப்பி எடுத்தேன். எஸ்க்யூலைட் வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையில் ஓடினால் பக்கத்தில் இன்னொரு கோப்பும் திறந்திருக்கும், அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். அந்தத் தரவுத்தளத்தில் வரிகளின் எழுத்து இல்லை. எந்தப் படம் முடிந்தது, எது சந்தேகம் என்று நான் குறித்தது, இவ்வளவுதான் இருந்தது. இருந்தாலும் என்ன போனது என்ற முழுப் பட்டியல் கையில் வந்தது. அது இல்லாவிட்டால் பின்னால் செய்த எதையும் செய்திருக்க முடியாது. கொஞ்ச நேரத்துக்கு முன் அந்தக் கருவி சாம்பல் கட்டம் காட்டியபோது அதை நிறுத்தி மறுபடி ஓட்டத்தான் கை போனது. போன் வேலை குறுக்கே வந்ததால் செய்யவில்லை.

டாட் என்விக்கு, நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனி பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் உதவியது. கண்டெய்னர்கள் ஓடிக்கொண்டிருந்தன. டாக்கர் இன்ஸ்பெக்ட் கொடுத்தால் அது தொடங்கியபோது கொடுத்த சூழல் மாறிகள் எல்லாம் அப்படியே பட்டியலாக வரும். சாவிகளை அங்கிருந்து திரும்ப எழுதிக்கொண்டேன். போஸ்ட்கிரெஸ் தரவு ஃபோல்டரும் ரெப்போவுக்குள்ளேதான் இருந்தது. அது பிழைத்ததற்குக் காரணம், அதன் உரிமை கண்டெய்னருக்குள் இருக்கும் வேறு பயனருடையது. என் பெயரில் ஓடிய கிட்டால் அதைத் திறக்க முடியவில்லை, விட்டுவிட்டது. சூடோ போட்டு (நிர்வாகி உரிமையில்) மேக் ஓட்டும் பழக்கம் இருக்கிறவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

அடுத்தது விஎஸ் கோட் எடிட்டர். 2022 மார்ச் பதிப்பிலிருந்து அதில் லோக்கல் ஹிஸ்டரி உண்டு. அதில் நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் பழைய வடிவங்களை ரெப்போவுக்கு வெளியே, பயனர் அமைப்புகள் இருக்கும் இடத்தில் ஹிஸ்டரி என்ற ஃபோல்டரில் வைக்கிறது. இயல்பாக ஒரு கோப்புக்கு 50 வடிவங்கள் வரை, 256 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளை எடுக்காது. உள்ளே ஃபோல்டர் பெயர்கள் புரியாத எழுத்துகளாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றிலும் என்ட்ரீஸ் என்ற ஜேசன் கோப்பு இருக்கும், அதில் அசல் கோப்பின் முழுப் பாதை எழுதியிருக்கும். ஒன்றிரண்டு கோப்பு என்றால் கமாண்ட் பேலட்டில் லோக்கல் ஹிஸ்டரி என்று தட்டி, மீட்பதற்கான தேர்வை எடுத்தால் போதும். எனக்கு நிறைய என்பதால் சின்ன பைத்தான் நிரல் எழுதி, டேட்டா பாதையில் இருந்தவற்றின் கடைசி வடிவத்தைத் திரும்ப அதே பெயரில் வைத்தேன். சந்தேகம் என்று குறித்த வரிகளை விஎஸ் கோடில் திறந்து மறுபடி பார்ப்பது என் பழக்கம். அதனால் கடினமான வரிகளில் நிறைய இதில் கிடைத்தன. ஒரு வரி திரையில் வந்தது. தும்பிக்கை வைத்த ளை ஒன்றை னை என்று படித்து, பின்னால் திருத்திய வரி. அன்றைக்கு முதல்முறையாக மூச்சு சீரானது அப்போதுதான். ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களிலும் லோக்கல் ஹிஸ்டரி உண்டு, அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து பாருங்கள்.

பிரவுசர் கருவியில் தட்டிய எளிய வரிகள் விஎஸ் கோடைத் தொட்டதே இல்லை. அவற்றுக்காக கிட்டுக்குள்ளேயே தேடினேன். ஒரு கோப்பை ஒருமுறை கிட் ஆட் செய்திருந்தால், பின்னால் அதை ஸ்டேஜிலிருந்து எடுத்துவிட்டாலும், உள்ளடக்கம் ஒரு பொருளாக டாட் கிட்டுக்குள் தங்கியிருக்கும். மாதத் தொடக்கத்தில், உரைக் கோப்புகளை மட்டும் ரெப்போவில் வைத்தால் எவ்வளவு கனம் ஏறும் என்று பார்க்க, எஃப் கொடுத்து ஒரு தொகுதியை ஆட் செய்துவிட்டு ரீசெட் செய்திருந்தேன். முதலில் ஜிசி டாட் ஆட்டோ அமைப்பைப் பூஜ்யமாக்கினேன். கிட்டுக்குள் தனிப்பொருட்கள் ஏறக்குறைய 6,700ஐத் தாண்டினால் அது தானே துப்புரவு செய்யத் தொடங்கும், எவரும் சுட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் கிடக்கும் பொருட்களை அப்போது நீக்கிவிடும். அப்புறம், எதுவும் சுட்டாத பொருட்களைத் தேடித் தரும் கிட் எஃப்எஸ்சிகே, லாஸ்ட் ஃபவுண்ட் தேர்வோடு. டாட் கிட்டுக்குள் லாஸ்ட் ஃபவுண்ட், அதற்குள் அதர் என்ற ஃபோல்டரில் கோப்புகள் வந்து விழுந்தன. உள்ளடக்கம் முழுசாக இருந்தது. பெயர் மட்டும் இல்லை, நீளமான ஹாஷ் எண்தான் பெயர்.

பெயரில்லாத எழுத்து எனக்குப் பயன்படாது, எந்தப் படத்துக்கு எது என்று தெரிய வேண்டும். படங்களை ஸ்கேனிலிருந்து மறுபடி வெட்டினேன். அந்த நிரல் ஒரே மாதிரிதான் வெட்டும், பெயர்களும் அதே வரிசையில் வந்தன. ஒவ்வொரு படத்தையும் பழக்காத டெசராக்டுக்குக் கொடுத்துப் பிழை மலிந்த ஒரு எழுத்தை வாங்கினேன். அந்தப் பிழை எழுத்துக்கு மிக நெருக்கமான மீட்பு எழுத்து எது என்று பைத்தானின் டிஃப்லிப்பால் ஒப்பிட வைத்தேன். இரவெல்லாம் ஓடியது. காலையில் பார்த்தபோது நீளமான வரிகள் அனேகமாகச் சரியாக உட்கார்ந்திருந்தன. பக்க எண்கள், ‘முற்றிற்று’ போன்ற ஒற்றைச் சொல் வரிகள் குழம்பியிருந்தன, அவற்றைக் கையால் சரிசெய்தேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மனம் கேட்கவில்லை, வட்டிலிருந்தே மீட்கலாம் என்று இறங்கினேன். அதில் போன நேரமும் பணமும் வீண். அழித்த கோப்பைத் திரும்ப எடுக்கும் ஃபோட்டோரெக் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளத்தை வைத்துத் தேடும். படத்துக்கு அந்த அடையாளம் உண்டு, வெறும் உரைக்கு இல்லை. யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து, வேறு வட்டில் சேமித்து, ஒரு பகல் முழுக்க ஓட்டியதில் யாருடைய உரை என்றே தெரியாத குவியல்தான் வந்தது. அதற்கும் மேலே டிரிம் என்று ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்டி வட்டில் அழித்த இடத்தை இயக்குதளம் வட்டுக்குச் சொல்லிவிடும், வட்டு அதைத் துடைத்துவிடும். உபுண்டுவில் எஃப்ஸ்டிரிம் வாரம் ஒருமுறை தானாக ஓடும். நான் அதன் டைமரை நிறுத்த நினைப்பதற்குள் அது ஓடிவிட்டிருந்தது. தரவு மீட்கும் கடை ஒன்றுக்கும் போனேன். பரிசோதனைக் கட்டணம் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, எஸ்எஸ்டி, டிரிம் ஓடியாயிற்று, உறுதி சொல்ல முடியாது என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள், ஆனால் அதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். உங்கள் வட்டு எஸ்எஸ்டி, போனது உரைக் கோப்பு என்றால் முதலில் டைமரை நிறுத்துங்கள், அப்புறம் இந்த வழியில் அதிக நேரம் போடாதீர்கள். எடிட்டர் வரலாறும் கிட் பொருட்களும் தருவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட இது தராது என்பது என் அனுபவம்.

கணக்குப் பார்த்தபோது தவணையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே திரும்பி வந்திருந்தது. மீதியை மறுபடி தட்டினேன். இரண்டாம் முறை தட்டுவது வேகமாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கை வேகமாகத்தான் இருந்தது, மனம் ஒத்துழைக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை யோசித்து முடிவெடுத்த சொல்லின் முன் மறுபடி உட்காரும்போது, அன்றைக்கு என்ன முடிவெடுத்தேன் என்பதே நினைவில் இல்லை. தவணைப் பணம், 30,000 ரூபாய்க்குப் பக்கம், ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது. வாடகைக்குக் கடன் வாங்க வேண்டி வந்தது. புஷ் செய்யாத கிளையில் கருவிக்கு நான் எழுதியிருந்த விசைக் குறுக்குவழிகளைத் திரும்ப எழுதவில்லை, அந்த ஆர்வம் போய்விட்டது.

இதையெல்லாம் கடந்து வந்த பிறகு எனக்கு உறுதியாகப் பட்டது, சிக்கலின் வேர் கிளீன் கமாண்டில் இல்லை, இக்னோர் பட்டியலில் இருக்கிறது. அதில் இரண்டு வகையை ஒன்றாகப் போடுகிறோம். நோட் மாட்யூல்ஸ், பைகேஷ், பில்டு எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளக்கூடியவை. டாட் என்வி, சாவிக் கோப்பு, உள்ளூர்த் தரவுத்தளம், கையால் தட்டிய தரவு எல்லாம் போனால் வராதவை. பரணில் உடைந்த பாத்திரத்தோடு வீட்டுப் பத்திரத்தையும் போட்டு வைப்பது போன்ற ஏற்பாடு இது. கிட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இக்னோர் செய்த கோப்பு போனாலும் பரவாயில்லை என்பதுதான் அதன் நிலைப்பாடு. கிளீன் மட்டும் இல்லை, கிளை மாறும்போதுகூட இதே கதைதான். நீங்கள் மாறும் கிளையில் அதே பெயரில் கண்காணிக்கப்படும் கோப்பு இருந்தால், இக்னோர் செய்த உங்கள் கோப்பின் மேல் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிடும். செக்அவுட்டின் இயல்பு அமைப்பே அது.

அதனால் திரும்ப உண்டாக்க முடியாத எதையும் நான் இப்போது ரெப்போவுக்குள் வைப்பதில்லை. டேட்டா ஃபோல்டர் வீட்டு ஃபோல்டரில் தனியாக இருக்கிறது, ரெப்போவுக்குள் அதற்கு ஒரு சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் இணைப்பு) மட்டும். கிட் கிளீன் எவ்வளவு கடுமையாக ஓடினாலும் இணைப்பைத்தான் நீக்கும், அது சுட்டும் இடத்துக்குப் போகாது. ஒரு நுணுக்கம்: இக்னோர் பட்டியலில் டேட்டா என்பதன் கடைசியில் சாய்கோடு இருந்தால் அது ஃபோல்டருக்கு மட்டும்தான் பொருந்தும், சிம்லிங்குக்குப் பொருந்தாது. சாய்கோட்டை எடுத்துவிட வேண்டும். பொதுக் கோப்பைத் தொட முடியாவிட்டால் டாட் கிட், இன்ஃபோ, எக்ஸ்குளூட் என்ற உங்கள் சொந்தக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். டாட் என்வியும் அதே மாதிரி வெளியே இருக்கிறது.

சுத்தமான பில்டு வேண்டும் என்றால் இருக்கிற இடத்தைத் துடைக்க வேண்டியதே இல்லை என்பதும் பின்னால்தான் உறைத்தது. கிட் ஒர்க்ட்ரீ ஆட் கொடுத்துப் பக்கத்தில் ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கினால், அதில் கமிட் செய்தவை மட்டுமே இருக்கும், அதைவிடச் சுத்தம் கிடையாது. பார்த்து முடித்ததும் ஒர்க்ட்ரீ ரிமூவ். ஒர்க்ட்ரீ ஆட் 2015இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தும், ஒர்க்ட்ரீ ரிமூவ் 2018இல் வந்த 2.17 பதிப்பிலிருந்தும் இருக்கிறது. பில்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் பில்டு ஃபோல்டரின் பெயரைச் சொல்லி அதை மட்டும் அழித்தால் போதும்.

அப்படியும் கிளீன் ஓட்டியே ஆக வேண்டிய நாள் வரும். அன்றைக்கு, கொடுக்கப்போகும் எஃப்புகளோடு முதலில் ‘என்’ (n) என்ற எழுத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். எதையெல்லாம் அழிக்கும் என்று பெயர் பெயராகச் சொல்லும், எதையும் தொடாது. பட்டியல் நீளமாக இருக்குமோ என்று கவலை வேண்டாம், நோட் மாட்யூல்ஸ் ஒரே வரியாகத்தான் வரும், படிக்கக்கூடிய அளவில்தான் இருக்கும். ஐ போட்டால் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்யவும் வழி உண்டு. காப்பாற்ற வேண்டியது ஒன்றிரண்டு என்றால் சின்ன எக்ஸோடு ஈ போட்டு அந்தப் பெயரைக் கொடுக்கலாம், அதை விட்டுவிடும். ஆனால் பெரிய எக்ஸோடு இதைச் செய்யாதீர்கள். ஈ என்பது இக்னோர் பட்டியலில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பது, பெரிய எக்ஸோ இக்னோர் செய்ததைத்தான் அழிக்கிறது. காப்பாற்ற நினைத்ததையே அழிக்கச் சொன்னதாகிவிடும். மனம் உறுதியாக இல்லாத நாளில் கிளீனுக்குப் பதிலாக கிட் ஸ்டாஷ், ஏ தேர்வோடு. கண்காணிக்காதது, இக்னோர் செய்தது எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், பாப் கொடுத்தால் திரும்பி வரும். கனமான ஃபோல்டர் இருந்தால் நேரமாகும், அவ்வளவுதான்.

நிறுவனத்தோடும் பேசி முடித்தோம். மேக் ஃப்ரெஷ் பழையபடி பில்டு ஃபோல்டரை மட்டும் அழிக்கிறது. முழுத் துடைப்புக்கு வேறு பெயரில் இலக்கு வைத்திருக்கிறார்கள். அது முதலில் என் கொடுத்துப் பட்டியலைக் காட்டிவிட்டு, ஆமாம் என்று முழுச் சொல்லைத் தட்டினால்தான் நகரும். க்யூ எடுக்கப்பட்டது. தவணை முடியும் வரை காத்திருக்காமல், உரைக் கோப்புகளுக்கு மட்டும் தனி ரெப்போ வைத்து, தினமும் வேலையை முடிக்கும்போது அதில் புஷ் செய்கிறேன். வெளியிலிருந்து வேலை எடுத்துச் செய்கிறவர்கள் ஒப்பந்தத்திலேயே இதை எழுதிக்கொள்வது நல்லது: செய்த வேலை எந்த நாளில், எந்த இடத்தில் நிறுவனத்தின் கைக்குப் போகிறது, அதற்கு முன் நிறுவனத்தின் ஸ்கிரிப்டால் அழிந்தால் அந்த நேரம் யார் கணக்கு என்று. நான் மறுபடி தட்டிய நேரத்துக்கு நிறுவனத்தார் பாதிப் பணம் கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் அதைக் கேட்கவே கூச்சப்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். புது ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்.